கரண்ட் வைக்கும்போது கடுக்காய் தரலாமா?

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் வாயிலோ தொண்டையிலோ கருப்பை வாயிலோ புற்றுநோய் என்று தெரிந்து, புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ போய் வருபவர்கள் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம் நடக்கும். வாயில் நோய் வந்தவருக்கு மூன்றாவது வாரத்துக்குள் புண் வந்து, எச்சில் வற்றி, கஞ்சிகூட இறங்காமல் போகும். அப்போது வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: கொஞ்சம் கடுக்காய்ப் பொடி கொடுத்தால் என்ன? இப்போது இந்தக் கேள்விக்கு அறிவியலின் துணையும் சேர்ந்திருக்கிறது. கடுக்காயில் ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ நிறைய இருக்கிறது, அது கதிர்வீச்சின் கெடுதலை முறிக்கும் என்று கைபேசியில் வரும் செய்திகள் சொல்கின்றன.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் இதே கடுக்காயின் சாற்றைக் காமாக் கதிருக்கு எதிரே வைத்துச் சோதித்து, பலன் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதே சமயம், சிகிச்சை முடியும்வரை கடுக்காய் வேண்டாம் என்று புற்றுநோய் மருத்துவர் தடுத்தால் அவர் சொல்வதும் சரியே. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்?

முதலில் காயைப் பற்றிக் கொஞ்சம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து சேலம் மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. அங்குள்ள காடுகளில் கடுக்காய் மரங்கள் உண்டு. மலையாளிப் பழங்குடி மக்கள் பருவத்தில் காயைப் பொறுக்கிக் காயவைத்து விற்கிறார்கள். தேன், புளி, நெல்லிக்காயோடு கடுக்காயும் அவர்களுக்குக் காசு தரும் சிறுவனப் பொருள். இந்தக் காய் நாட்டு மருந்துக் கடைக்கு மட்டும் போகவில்லை. தோல் பதனிடப் போயிற்று. கட்டடச் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீராகக் கலந்தது. இரும்பு உப்போடு சேர்ந்து எழுதும் மையாயிற்று. இவை அத்தனைக்கும் பின்னால் இருப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருள். காய்ந்த கடுக்காய்த் தோலில் மூன்றில் ஒரு பங்குவரை டானின் இருக்கும். செபுலினிக் அமிலம், செபுலாஜிக் அமிலம், கேலிக் அமிலம், எலாஜிக் அமிலம் என்று அந்தக் குடும்பம் பெரிது. எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்பு, கார்பன் வளையத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஃபீனால்’ அமைப்பு. அந்த ஹைட்ரஜனைச் சுலபமாகப் பிரித்துக் கொடுத்துவிடும் குணம் அதற்கு உண்டு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் நடக்கும்.

இனி கதிர்வீச்சுக்கு வருவோம். அதைச் ‘சூடு’ என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோ எடையில் ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் அது ஒரு கிரே. உடல் முழுவதும் ஒரே தடவையில் சுமார் 4 கிரே பட்டால், மருத்துவ உதவி கிடைக்காதவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். அந்த 4 கிரே உடலின் வெப்பத்தை எவ்வளவு கூட்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு! ஒரு மிடறு சூடான டீ உடலுக்குள் கொண்டுபோகும் வெப்பம் இதைவிட அதிகம். ஒரு மிடறு டீயின் அளவுகூட இல்லாத ஆற்றல் ஆளைக் கொல்கிறது என்றால், கொல்வது வெப்பம் இல்லை.

டீயின் வெப்பம் கோடானுகோடி மூலக்கூறுகளுக்குச் சமமாகப் பங்கு பிரிந்துவிடுகிறது; உடையும் அளவுக்கு அதில் எந்த மூலக்கூறுக்கும் கிடைப்பதில்லை. காமாக் கதிரோ எக்ஸ் கதிரோ அப்படிப் பங்கு வைப்பதில்லை. போகும் வழியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானையே பிடுங்கி எறிகிறது. எலக்ட்ரானை இழந்து நிற்பதை அயனி என்கிறோம். அதனால் இது அயனியாக்கும் கதிர்வீச்சு.

எந்த மூலக்கூறு அதிகம் அடிபடும்? எது அதிகம் இருக்கிறதோ அது. நம் செல்களில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் மூலக்கூறு சிதறும்போது அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கழன்று, மீதி ஹைட்ராக்சில் என்னும் துண்டாக நிற்கிறது. எலக்ட்ரான்கள் இணை இணையாக இருக்கும் வழக்கமுடையவை. இந்தத் துண்டில் ஒன்று இணையில்லாமல் நிற்கிறது. இப்படி இணையிழந்த எலக்ட்ரானோடு திரிவதைத் தமிழில் தனி உறுப்பு என்கிறோம். ‘ஃப்ரீ ராடிக்கல்’ என்று நாளிதழ்களில் வருவது இதுதான். ஹைட்ராக்சில் தனி உறுப்பு எதன்மீது மோதுகிறதோ அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துத் தன் குறையைத் தீர்த்துக்கொள்ளும். மோதியது டி.என்.ஏ.வாக இருந்தால் அதன் இழை அறுபடும். காமாக் கதிரால் டி.என்.ஏ.வுக்கு வரும் சேதத்தில் மூன்றில் ஒரு பங்கு கதிர் நேராகவே தாக்குவதால் வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு இப்படித் தண்ணீர் வழியாகச் சுற்றி வருகிறது. ஒரு கிரே பட்ட ஒரு செல்லில் சுமார் ஆயிரம் இடங்களில் டி.என்.ஏ.யின் ஓர் இழை அறுபடுகிறது. 20 முதல் 40 இடங்களில் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுபடுகின்றன. ஓரிழை அறுந்ததைச் செல் எதிரிழையைப் பார்த்துத் தைத்துக்கொள்ளும். ஈரிழையும் அறுந்த இடத்தில்தான் செல் திணறுகிறது, தப்பாகத் தைக்கிறது, சில சமயம் சாகிறது.

தண்ணீர் வழியாக வரும் அந்த மூன்றில் இரண்டு பங்கில்தான் கடுக்காய்க்கு வேலை இருக்கிறது. தனி உறுப்புக்குத் தேவை ஒரு ஹைட்ரஜன். டி.என்.ஏ. இழக்க வேண்டிய ஹைட்ரஜனைக் கடுக்காயின் ஃபீனால் கொடுத்துவிட்டால் போதும். கொடுத்த பிறகு ஃபீனாலே ஒரு தனி உறுப்பாகிவிடும். ஆனால் மீந்த ஒற்றை எலக்ட்ரான் கார்பன் வளையம் முழுவதும் பரவி நிற்பதால் அது சாதுவாக இருக்கும், அடுத்தவரைத் தாக்காது. இப்படித் தன்னைக் கொடுத்துத் தொடர் சேதத்தை நிறுத்துவதுதான் ஆக்சிஜனேற்றத் தடுப்பான், அதாவது ‘ஆன்டி ஆக்சிடன்ட்’.

இது காகிதத்தில் எழுதிய கற்பனை இல்லை என்பதற்கு நம் சமையலறையிலேயே சான்று இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயைத் திறந்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது. நல்லெண்ணெய் மாதக்கணக்கில் தாங்குகிறது. நல்லெண்ணெயிலும் எளிதில் கெடும் லினோலியிக் அமிலம் கிட்டத்தட்ட 40 சதவீதம் உண்டு. ஆகவே அதுவும் விரைவில் கெட்டிருக்க வேண்டும். கெடாமல் காப்பவை எள்ளில் இருக்கும் செசமின், செசமோலின் வகைப் பொருள்களும், செசமோலின் உடைந்து பிறக்கும் செசமால் என்ற ஃபீனாலும். எண்ணெய் சிக்குப் பிடிப்பது ஒரு சங்கிலி வினை. கொழுப்பு மூலக்கூறு ஒன்று ஹைட்ரஜனை இழந்து, காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து, பெராக்சில் என்னும் தனி உறுப்பாகிறது. அது பக்கத்துக் கொழுப்பிடம் பறிக்கிறது. அது அதன் பக்கத்தில் பறிக்கிறது. செசமால் நடுவே புகுந்து ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்ததும் சங்கிலி அறுகிறது. நம் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனது. கதிர்வீச்சு பட்டதும் அந்தச் சவ்வில் நடப்பது இதே சிக்குப் பிடித்தல்தான். உயிருள்ள உடம்புக்குள், மிக வேகமாக நடக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் ஒரு காலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். திண்டிவனம், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்கள் டி.எம்.வி., வி.ஆர்.ஐ. என்று எள் ரகங்களை வெளியிட்ட மண் அது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் என். ராஜேந்திர பிரசாத், வேணுகோபால் மேனன் முதலியோர் 2005ஆம் ஆண்டையொட்டிச் சில ஆய்வுகளை வெளியிட்டார்கள். மனித இரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளணுக்களைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, சிலவற்றோடு முன்கூட்டியே செசமாலைச் சேர்த்து, காமாக் கதிர் காட்டினார்கள். பின்னால் மஞ்சளின் குர்குமினையும், தானியங்களின் உமியிலும் தவிட்டிலும் கிடைக்கும் ஃபெருலிக் அமிலத்தையும் இதே வழியில் சோதித்தார்கள். செசமால் சேர்த்த செல்களில் சேதம் குறைந்திருந்தது.

சேதம் குறைந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். ‘ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்று விளம்பரத்தில் வரும்போது, எந்தக் கருவி எதை அளந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

எளிய சோதனை ஊதா நிறத் திரவம். டி.பி.பி.எச். என்ற வேதிப்பொருள் தானே ஒரு தனி உறுப்பு. ஆனால் நிலையானது, புட்டியில் வாங்கி வைக்கலாம். அதன் கரைசல் ஊதாவாக இருக்கும். அதில் தாவரச் சாற்றை விட்டதும் நிறம் வெளுத்தால், சாறு ஹைட்ரஜன் கொடுத்தது என்று பொருள். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மூலிகைகளைப் பற்றி வரும் பெரும்பாலான ‘ஆன்டி ஆக்சிடன்ட்’ செய்திகள் இந்த வெளுப்போடு நின்றுவிடுகின்றன. அது வேதியியல் உண்மை. அதில் உயிரும் இல்லை, கதிரும் இல்லை.

அடுத்த படி டிராம்பேயில் நடந்தது. ஜி. எச். நாயக், கே. இந்திரா பிரியதர்சினி குழுவினர் கடுக்காயைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த சாற்றைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். எலியின் கல்லீரல் செல்லிலிருந்து பிரித்த சவ்வுத் துணுக்குகளுக்குக் காமாக் கதிர் காட்டி, கொழுப்பு எவ்வளவு சிக்குப் பிடிக்கிறது என்று அளந்தார்கள். கடுக்காய்ச் சாறு சேர்த்ததில் அது குறைந்தது. பாக்டீரியாவிலிருந்து எடுத்த வளைய வடிவ டி.என்.ஏ.வையும் வைத்துப் பார்த்தார்கள். இந்த வளையம் இயல்பில் முறுக்கேறிச் சுருண்டிருக்கும். ஓர் இடத்தில் இழை அறுந்தாலும் முறுக்கு அவிழ்ந்துவிடும். முறுக்கேறியது ஜெல்லின் வழியே வேகமாக நகரும், அவிழ்ந்தது மெதுவாக நகரும். ஆகவே எவ்வளவு அறுந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கடுக்காய் சேர்த்த குழாயில் முறுக்கு அவிழாத வளையங்கள் அதிகம் மிஞ்சின.

2005இல் அதே மையத்தின் காந்தி, நாயர் என்ற இரு ஆய்வாளர்கள் உயிருள்ள எலிகளுக்குப் போனார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 80 மில்லிகிராம் கணக்கில் கடுக்காய்ச் சாறு கொடுத்துவிட்டு, பிறகு உடல் முழுவதும் கதிர் காட்டினார்கள். இங்கே பயன்பட்டது ‘காமட்’ சோதனை. ஒரு தனிச் செல்லை ஜெல்லில் பதித்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். முழுமையான டி.என்.ஏ. இருந்த இடத்திலேயே கிடக்கும். அறுந்த துண்டுகள் இழுபட்டு வால்போல் நீளும். வால் நீளம் எவ்வளவோ சேதம் அவ்வளவு. கடுக்காய் பெற்ற எலிகளின் செல்களில் சேதம் குறைவாகத் தெரிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் பார்த்தது வேறொன்று. செல் பிரியும்போது ஒழுங்காகச் சேராத குரோமோசோம் துண்டுகள் தனியே சிறு உருண்டைகளாக நின்றுவிடும். அவற்றை நுண்கரு என்பார்கள். நுண்கருவை எண்ணினால் தப்பாகத் தைக்கப்பட்ட டி.என்.ஏ.யின் கணக்குக் கிடைக்கும்.

கடைசிக் கேள்வி எலி பிழைத்ததா என்பது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் 1990களில் பி. உமாதேவி துளசியை வைத்து இதைத் தொடங்கினார். அதிலிருந்து ஓரியன்டின், விசெனின் என்ற இரண்டு பொருள்களையும் பிரித்துச் சோதித்தார். பிறகு அங்கேயே கணேஷ் சந்திர ஜகேதியா குழு திரிபலாவை எடுத்துக்கொண்டது: கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தது. வெறும் தண்ணீர் பெற்ற எலிகளில் பாதி 30 நாளுக்குள் சாகத் தேவைப்பட்ட கதிர் 8.6 கிரே, திரிபலாச் சாறு பெற்றவற்றுக்கு 9.9 கிரே தேவைப்பட்டது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் காப்பு எண் 1.15. அதாவது திரிபலா பெற்ற எலிகள் சுமார் 15 சதவீதம் கூடுதல் கதிரைத் தாங்கின. பயன்பட்ட அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதுவும் வயிற்றுக்குள் ஊசியாக, கதிர் படுவதற்கு முன்பாகவே. அளவைக் கூட்டக் கூட்டப் பலனும் கூடிக்கொண்டே போகவில்லை.

இந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். நம் காட்டுக் காயை எடுத்து, பொறுமையாக ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்த்தவர்கள் இவர்கள். ஆனால் குழாயிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து மனிதருக்கும் போகும்போது குறுக்கே நிற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் வாசகரை ஏமாற்றியதாகும்.

ஹைட்ராக்சில் தனி உறுப்பின் ஆயுள் செல்லுக்குள் ஒரு விநாடியில் நூறு கோடியில் சில பங்கு மட்டுமே. அதற்குள் அது நகரும் தூரம் சுமார் 6 நானோமீட்டர். டி.என்.ஏ. இழையின் அகலமே 2 நானோமீட்டர். ஆகவே டி.என்.ஏ.வை அறுக்கும் ஹைட்ராக்சில், டி.என்.ஏ.க்கு ஒட்டினாற்போலப் பிறந்ததாகத்தான் இருக்கும். அதைத் தடுக்க வேண்டுமானால் தடுப்பான் அந்த இடத்தில், அந்தக் கணத்தில், நெருக்கமாகக் குவிந்திருக்க வேண்டும். கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தோட்டத்தில் காய்ந்த சோகையில் ஒரு பொறி விழுகிறது. வரப்பில் குடத்தோடு நிற்பவரால் அந்தப் பொறியை அணைக்க முடியாது; அவர் ஓடி வருவதற்குள் அது பக்கத்துச் சோகையைப் பற்றியிருக்கும். ஆனால் நெருப்பு வரிசை வரிசையாகப் பரவி வரும்போது அவரால் ஓரிடத்தில் மறிக்க முடியும். தாவர ஃபீனால்களின் நிலையும் இதுதான். முதல் பொறியான ஹைட்ராக்சிலைப் பிடிப்பதில் அவை பலவீனமானவை. அதன்பின் சவ்வில் பரவும் பெராக்சில் சங்கிலியை மறிப்பதில் திறமையானவை. பெராக்சிலின் ஆயுள் விநாடிக் கணக்கில் நீளும். அதைப் பிடிக்க நேரம் இருக்கிறது.

அளவையும் பாருங்கள். நம் செல்லுக்குள் குளூட்டாதியோன் என்ற சொந்தத் தடுப்பான் எப்போதும் மில்லிமோல் அளவில் நிறைந்திருக்கிறது. கடுக்காய்ப் பொடியை விழுங்கினால் இரத்தத்துக்கு வந்து சேரும் ஃபீனால்கள் பெரும்பாலும் மைக்ரோமோல் அளவைத் தாண்டுவதில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு. செபுலாஜிக் அமிலம் போன்ற பெரிய மூலக்கூறுகள் குடற்சுவரை முழுசாகத் தாண்டுவதே கடினம். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்து யூரோலித்தின் என்ற சிறு மூலக்கூறுகளாக மாற்றிய பிறகே உள்ளே போகின்றன. எல்லார் குடலிலும் அந்தப் பாக்டீரியாக்கள் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. ஊசி போட்ட எலிக்கும் பொடி விழுங்கும் மனிதருக்கும் இவ்வளவு தூரம்.

கண்ணாடிக் குப்பிச் சோதனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கேலிக் அமிலம் போன்ற ஃபீனால்களைச் செல் வளர்க்கும் திரவத்தில் போட்டால், அவை காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும் என்று பாரி ஹாலிவெல் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சிறு தொல்லைக்கு எதிர்வினையாகச் செல் தன் சொந்தக் காப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்ளக்கூடும். அப்போது காப்பாற்றியது மூலிகையின் ஹைட்ரஜனா, செல்லின் விழிப்பா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

நேரமும் முக்கியம். 1949இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஹார்வி பாட் குழு, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை எலிகளுக்கு எக்ஸ் கதிருக்கு முன்னால் கொடுத்தால் பல பிழைக்கின்றன என்று கண்டது. கதிர்வீச்சிலிருந்து ஒரு வேதிப்பொருளால் காக்க முடியும் என்று உலகம் தெரிந்துகொண்ட தொடக்கங்களில் அது ஒன்று. அதே சிஸ்டீனைக் கதிருக்குப் பின்னால் கொடுத்தபோது ஒரு பயனும் இல்லை. இயந்திரத்தை நிறுத்துவதற்குள் தனி உறுப்புகளின் முதல் வேலை முடிந்துவிடுகிறது. கரண்ட் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து இரவில் குடிக்கும் கஷாயம் அன்றைய டி.என்.ஏ. அறுப்பைத் தொடவே முடியாது.

இதுவரை பார்த்தது கடுக்காய் போதுமான பலத்தோடு உதவுமா என்ற கேள்வி. மருத்துவர் கவலைப்படுவது வேறொன்றுக்காக. உதவினால் யாருக்கு உதவும்?

கதிர்வீச்சு அலகுக்குப் பெயர் தந்த லூயி ஹரால்ட் கிரே, 1950களில் ஆக்சிஜனைப் பற்றி முக்கியமான ஒன்றைத் தெளிவாக்கினார். ஆக்சிஜன் குறைந்த செல்லைக் கொல்ல, ஆக்சிஜன் நிறைந்த செல்லுக்குத் தேவைப்படுவதைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். காரணம் இது: டி.என்.ஏ. ஒரு ஹைட்ரஜனை இழந்த கணத்தில் இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். ஆக்சிஜன் முந்திக்கொண்டால் அந்தக் காயம் நிலைத்துவிடும். ஹைட்ரஜன் கொடுக்கக்கூடிய ஒருவர் முந்திக்கொண்டால் காயம் அங்கேயே ஆறிவிடும். கட்டியின் நடுவே இரத்த ஓட்டம் குறைந்து, ஆக்சிஜனும் குறைவாக இருக்கும். அதனாலேயே அந்தச் செல்கள் சாகாமல் தப்புகின்றன. கடுக்காய் ஹைட்ரஜன் கொடுத்து நாக்கின் நல்ல செல்லைக் காப்பாற்றும் என்றால், அதே ஹைட்ரஜன் பக்கத்திலிருக்கும் புற்றுச் செல்லையும் காப்பாற்றும். தனி உறுப்புகள்தான் சிகிச்சையின் ஆயுதம். அவற்றை முழுசாக முறித்துவிட்டால் சிகிச்சையையே முறித்ததாகும்.

இது வெறும் பயம் என்று சொல்லிவிட முடியாது. கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் என்ற இரண்டு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை அதிக அளவில் கொடுத்தார்கள். பீட்டா கரோட்டினைப் பற்றி வேறு ஆய்வுகளில் கெட்ட செய்தி வந்ததும் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். 2005இல் வந்த முடிவைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் உண்மையிலேயே குறைந்தன. ஆனால் தடுப்பான் பெற்ற பிரிவில் கட்டி அதே இடத்தில் திரும்பி வருவது கூடுவதுபோல் தெரிந்தது. தொடர்ந்து கவனித்தபோது அந்தப் பிரிவில் இறப்பும் அதிகமாக இருந்தது. வலி குறைந்ததென்று நிம்மதிப்பட்ட குடும்பங்களுக்கு அந்த நிம்மதியின் விலை அப்போது தெரிந்திருக்காது.

மஞ்சளின் கதை இன்னொரு பாடம். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் பெறும்போது தோல் வெந்ததுபோல் ஆவதைக் குர்குமின் குறைக்கிறது என்று 2013இல் அமெரிக்காவில் 30 பெண்களிடம் செய்த ஆய்வு காட்டியது. நாளுக்கு 6 கிராம் கொடுத்தார்கள். செய்தி நம் ஊர் வரை பரவியது. அதே குழுவினர் நேர்மையாக 686 பேரிடம் மறுபடி சோதித்து 2018இல் வெளியிட்டார்கள்; தோல் பாதிப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த இரண்டாவது செய்தி பரவவில்லை. 30 பேரில் தெரிந்தது 686 பேரில் மறைவது அறிவியலின் தோல்வி ஆகாது. பெரிய சோதனை அதற்காகத்தான் செய்யப்படுகிறது.

ஆகவே, சிகிச்சை நடக்கும் வாரங்களில் கடுக்காய், திரிபலா, மஞ்சள் மாத்திரை, வைட்டமின் மாத்திரை என்று எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். குழம்பில் போடும் மஞ்சள், சோற்றில் விடும் நல்லெண்ணெய், ஒரு நெல்லிக்காய் இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. உணவின் அளவு வேறு, செறிவூட்டிய சாற்றின் அளவு வேறு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளிப்பது, பல்லைத் தொடக்கத்திலேயே காட்டுவது, எடை குறையாமல் சாப்பிட வைப்பது, பீடியையும் ஹான்ஸ் புகையிலையையும் அறவே விடுவது என்று பயன் தரும் வேலைகள் நிறைய இருக்கின்றன. மலையிலிருந்து பஸ் பிடித்து வாரம் ஐந்து நாள் வந்து போகும் ஒருவருக்குச் சிகிச்சையை ஒரு நாளும் விடாமல் முடிப்பதே மிகப் பெரிய காரியம். அதற்குத் துணை நிற்பவர் உண்மையிலேயே அவரைக் காப்பாற்றுகிறார்.

கடுக்காய் ஆய்வு இதோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. அது தாண்ட வேண்டிய படி எது என்று இப்போது தெரியும். அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் நிறுவனம் பனிப்போர்க் காலத்தில் 4,000க்கு மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்து, அமிஃபாஸ்டின் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. எலிகளில் அதன் காப்பு எண் 2.7 வரை போனது, திரிபலாவுக்கு 1.15 என்று பார்த்தோம். கதிர்வீச்சால் எச்சில் வற்றுவதைக் குறைக்க 1999இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. வாந்தியும் இரத்த அழுத்தம் இறங்குவதும் அதன் குறைகள். அதனால் எல்லா இடத்திலும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அதன் சூட்சுமம் கவனிக்கத் தக்கது. அமிஃபாஸ்டின் அப்படியே வேலை செய்யாது. நல்ல திசுவின் இரத்தக் குழாய்ச் சுவரில் நிறைய இருக்கும் ஒரு நொதி அதை வெட்டிய பிறகே அது காப்பானாகிறது. கட்டியில் அந்த நொதி குறைவு. அதனால் கட்டிக்குக் காப்புக் குறைவு. கடுக்காயின் டானினுக்கோ எள்ளின் செசமாலுக்கோ இப்படி நல்ல திசுவை மட்டும் தேர்ந்தெடுக்கும் வழி உண்டா? இதை அறிய நலமான எலிக்குக் கதிர் காட்டினால் போதாது. கட்டி வளரும் எலிக்குக் கதிர் காட்டி, எலியையும் கட்டியையும் தனித்தனியே அளக்க வேண்டும். எலி பிழைத்து, கட்டி செத்திருந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.